உம்மாவின் கோபத்துக்கு மாத்திரை

என் உம்மா பஷீராவைக் கோபக்காரி என்று சொல்லாத ஆள் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் கிடையாது. பாசாரில் மீன்காரன் தராசுத் தட்டைக் கட்டைவிரலால் அழுத்துவான். உம்மா அதைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். அவள் கத்துவது பாசார் முழுக்கக் கேட்கும், அழுத்திய விரல் மட்டும் ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. ஜெய்னுலாப்தீன் சம்சாரமா, அவங்க அப்படித்தான் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உம்மா மலாக்காவில் பிறந்தவள். அவளுடைய உம்மாவும் இங்கேதான் பிறந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தாள், கணக்கில் அவள்தான் முதல். வயதுக்கு வந்த மறுநாளே வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது என்பதை அவள் என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று எனக்கே தெரியாது. பதினான்கு வயதில் என் வாப்பா ஜெய்னுலாப்தீனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வாப்பா கீழக்கரையிலிருந்து கப்பலேறி வந்து பண்டார் ஹிலிர்க் கடைத்தெருவில் தொப்பியும் கைலியும் விற்றுக்கொண்டிருந்தவர். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஹஸீனா என்று நான் ஒருத்திதான் மிஞ்சினேன். நான் பெரியவளானதும் வாப்பா, பள்ளிக்கூடம் போனது போதும் என்றார். உம்மா அடுப்பு மூட்டவில்லை. மூன்று நாள் வீட்டில் சோறு கிடையாது. பள்ளிவாசலிலிருந்து இரண்டு பெரியவர்கள் புத்தி சொல்ல வந்தார்கள். உம்மா வாசல்படியிலேயே அவர்களை நிறுத்தி, உங்கள் பெண்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டாள். வந்த வழியே போய்விட்டார்கள். நாலாம் நாள் காலையில் வாப்பா என் புத்தகப் பையை எடுத்து சைக்கிளில் மாட்டினார். நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படித்தது அந்த மூன்று நாள் பட்டினியால்தான். என் உம்மாவின் கோபத்தைக் கேலி செய்கிறவர்களிடம் நான் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

ஐம்பத்தாறாம் வருஷக் கடைசியில் ஒரு நாள், பைப்படியில் துணி அலசிக்கொண்டிருந்த உம்மாவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. வாப்பா டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார், நானும் போனேன். டாக்டர் உம்மாவின் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு முறையும் பார்த்தார். மேல் கணக்கு இருநூற்றுப் பத்து. அங்கே டிரெசராக, டாக்டருக்கு உதவியாளாக இருந்த தியாகு என்பவர்தான் டாக்டர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னார். ரத்த அழுத்தம் மிக அதிகம், இப்படியே விட்டால் மூளையில் ரத்தக் குழாய் வெடித்துக் கைகால் விழுந்துவிடும், தினம் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். உம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவளுடைய உம்மா நாற்பத்திரண்டு வயதில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வாய் கோணி, ஆறு மாதம் கிடந்து செத்தவர். மலம் மூத்திரம் அள்ளியது உம்மாதான். அன்றைக்கு உம்மாவுக்கு முப்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது.

மாத்திரை போத்தலைக் கொடுக்கும்போது தியாகு கொஞ்சம் பெருமையாக ஒன்றைச் சொன்னார். இந்த மருந்து வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது இல்லை, நம் இந்தியாவில் முளைக்கிற சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்தது என்றார். வாப்பாவுக்கு அந்த வேர் தெரியும். ஊரில் பைத்தியம் பிடித்தவர்களுக்கும் பாம்பு கடித்தவர்களுக்கும் அரைத்துக் கொடுப்பார்களாம். நம்ம ஊர் வேர் நம்மை ஒன்றும் செய்யாது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த மனிதர் ஒழுங்காகக் காதில் வாங்கிக்கொண்டது அந்த ஒரு விஷயத்தை மட்டும்தான்.

உம்மா இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். தலைவலி விட்டது. ஆனால் மூக்கு அடைத்துக்கொண்டே இருந்தது, உட்கார்ந்த இடத்தில் கண் சொருகியது. ஒரு நாள் பாசாரிலிருந்து வந்து மீன் பையை அப்படியே கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"விரலை வச்சு அழுத்துனான் ஹஸீனா. என் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டுக் காசக் குடுத்துட்டு வந்துட்டேன். எனக்குக் கோபமே வரல" என்றாள். எதையோ தொலைத்துவிட்டவள் போலப் பேசினாள். பிறகு எழுந்து போத்தலை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். என் உம்மா மாதிரி சாவதென்றாலும் நான் நானாகவே சாகிறேன், இந்த மந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்றாள்.

அது சரியான முடிவு என்று நான் சொல்லவரவில்லை. டாக்டரிடம் திரும்பிப் போய் இப்படி ஆகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் போய்ச் சொல்லலாம், மாற்றிக் கேட்கலாம் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? டாக்டர் கொடுத்ததைச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் வாப்பாவுக்கு வேறொரு பயம் பிடித்திருந்தது. பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்த நாளிலிருந்தே அவர் நிம்மதியாக இல்லை. மெர்டேக்கா என்கிற அந்தச் சுதந்திரம் வந்துவிட்டால் நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். போகவர விடமாட்டார்கள், கப்பலை நிறுத்திவிடுவார்கள் என்றும் ஒரு பேச்சு. பெண்ணை ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டால் அங்கே ஒரு காலை ஊன்றிய மாதிரி இருக்கும் என்று வாப்பா கணக்குப் போட்டார். அவருடைய லாத்தா, அதாவது அக்கா, ரஹீமா மாமிக்கு ஹனீபா என்று ஒரு மகன். முப்பது வயது, முதல் மனைவி பிரசவத்தில் இறந்துபோய் ஒரு குழந்தை. ஐம்பத்தேழு ஜூன் மாதம் மாமி கப்பலில் வந்து எங்கள் வீட்டில் இறங்கினார். பெட்டியில் எனக்கு இரண்டு சேலை இருந்தது. எனக்குப் பதினாறு வயது. அடுத்த வருஷக் கடைசியில் சீனியர் பரீட்சை.

உம்மா முடியாது என்றாள். முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். என் மகள் பரீட்சை எழுதாமல் எந்த வாசலையும் தாண்டமாட்டாள் என்றாள். வாப்பா விடாமல் பேசப் பேச அவள் குரல் ஏறியது. ஒரு மத்தியானம் அப்படிக் கத்திக்கொண்டிருந்தபோதே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூக்கிலிருந்து மறுபடியும் ரத்தம். நான் ஈரத்துணியை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். மாமி வெற்றிலையை மென்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வாப்பா என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டார். கையில் புதுப் போத்தல் இருந்தது.

"ஒங்க உம்மா பிடிவாதக்காரி. தானா சாப்பிடமாட்டா. அவ உம்மா கிடந்தது மாதிரி இவளும் கிடந்தா யாரு அள்ளுறது, நீதான் அள்ளணும். காலையில கோப்பியில ஒண்ணப் பொடிச்சுப் போட்டுக் குடு. அவகிட்டச் சொல்லாதே. அவ உசுரு ஒன் கையில இருக்கு" என்றார்.

நான் செய்தேன். இதை எந்தச் சாக்கும் இல்லாமல் சொல்கிறேன், நான்தான் செய்தேன். பூரிக்கட்டையால் மாத்திரையைப் பொடித்து, இன்னொரு கரண்டி சீனி போட்டு, கலக்கிக் கொண்டுபோய் என் உம்மாவின் கையில் கொடுத்தேன். அவள் பிஸ்மி சொல்லிவிட்டுக் குடித்தாள். உம்மா செத்துப்போவாள் என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் பயம் மட்டும் இல்லை. வாப்பா முதல்முறையாக என்னைப் பெரிய மனுஷியாக நினைத்து ஒரு காரியத்தை ஒப்படைத்திருக்கிறார் என்ற நினைப்பும் இருந்தது. அதற்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பத்து நாளில் வீடு அமைதியானது. வாப்பா இரண்டாகப் போடு என்றார். மூன்று வாரம் கழித்து, மூன்றாகப் போடு என்றார். போத்தலில் ஒன்று என்றுதானே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அது வெள்ளைக்காரனுக்கு எழுதின அளவு, இது நம்ம ஊர் வேர், நாலு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது என்றார். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த நான், படிக்கத் தெரியாத வாப்பாவின் பேச்சைக் கேட்டேன்.

உம்மா சோறு வடித்தாள், மீன் அரிந்தாள், தொழுதாள், மற்ற நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பிப் பார்ப்பாள். சில நாள் காரணம் இல்லாமல் கண்ணீர் வழியும், துடைக்கக்கூட மாட்டாள். உப்பில்லாத குழம்பை மாமி குறை சொன்னபோது, சரி லாத்தா என்றாள். அதற்கு முன்னால் உம்மா யாரிடமும் சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. சத்தம் இல்லாமல் படிக்க முடிந்தது. மருந்து வேலை செய்கிறது, உம்மா பிழைத்துக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு சிவகாமி அக்காதான் முதலில் சந்தேகப்பட்டார். அவர்கள் செட்டி கம்பத்து ஆட்கள், பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்த தமிழர்கள். பெயரும் சாமியும்தான் தமிழ், வீட்டில் பேசுவது மலாய். அவரும் உம்மாவும் பதினைந்து வருஷமாகச் சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சண்டை போட்டு வந்தவர்கள். அந்த மாதம் அவர்கள் வீட்டுக் கழிவுத் தண்ணீர் எங்கள் வாசல் வரை வந்து நின்றது. உம்மா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சிவகாமி அக்கா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டு மலாயில் கேட்டார், உன் அம்மாவுக்கு யாரோ ஏதோ வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், தெரிந்த பொமோ ஒருவர் இருக்கிறார், மந்திரித்துத் தண்ணீர் வாங்கி வரட்டுமா என்று. நான் அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றேன். வைத்துக் கொடுத்த ஆளான நான் அவர் முன்னாலேயே புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் வெற்றிலைத் தட்டு வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் வெற்றிலைத் தட்டைப் பெண்ணின் உம்மாவிடம் நீட்டுவார்கள். ஆண்கள் ஆயிரம் பேசியிருக்கட்டும், அந்த உம்மா ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டால்தான் கல்யாணம் முடிவு. அவள் தொடவில்லை என்றால் பேச்சு அதோடு சரி, எந்த ஆம்பளையும் அதைத் தாண்ட முடியாது. வாப்பாவுக்கு எங்கள் வீட்டில் தேவைப்பட்டது அந்த ஒரு வெற்றிலைதான். அதை நான் அந்த நிமிஷம் வரை யோசித்துப் பார்க்கவில்லை.

மாமி தட்டை நீட்டினார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். உம்மா எழுந்து கத்துவாள், தட்டைத் தள்ளிவிடுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். உம்மா தட்டைப் பார்த்தாள். திரைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, என்ன என்று மறந்துவிட்டவள் மாதிரி நிறுத்திவிட்டாள். பிறகு மாமி மடித்துக் கொடுத்த வெற்றிலையை வாங்கி வாயில் போட்டு மென்றாள். வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று காலையில் மூன்றாவது மாத்திரையைப் பொடித்தது யாருக்காக என்று தெரிந்தது. எனக்காக இந்த உலகத்தில் வேண்டாம் என்று சொல்ல இருந்த ஒரே வாயை நானே என் கையால் அடைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது. வாப்பாவின் மேல், மாமியின் மேல், எல்லாரையும்விட என் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபம் உம்மாவிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். போட்டால் உம்மா உயிரோடு இருப்பாள், நான் கப்பலேற வேண்டும். போடாவிட்டால் அவளுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் குழாய் வெடிக்கும். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். ஒன்றே ஒன்றைப் பொடித்துப் போட்டேன். பள்ளிக்கூடம் போகாமல் நேராக கிளினிக்குக்கு நடந்தேன்.

தியாகு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"மூணா? யாரு மூணு குடுக்கச் சொன்னது? வேருன்னு நான் சொன்னதுக்காகக் கீரை மாதிரி அள்ளிப் போடுவாங்களா? இந்த மருந்து கூடிப்போனா மனசையே கீழ இறக்கிடும். உயிரை வெறுத்துப்போனவங்களை நான் பார்த்திருக்கேன்" என்றார்.

அப்படியென்றால் நிறுத்திவிடுகிறேன் என்றேன். அதற்கும் திட்டினார். உன் உம்மா உடம்புக்கு மருந்து தேவைதான், நிறுத்தினால் அழுத்தம் மறுபடி ஏறும், அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். எழுந்து போகும்போது கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"மொதல்ல அவங்ககிட்டச் சொல்லு. மருந்து சாப்பிடுறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது அவங்க. நீயும் இல்ல, ஒங்க வாப்பாவும் இல்ல."

வீட்டுக்கு வந்தேன். மாமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். உம்மா பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"நாப்பத்தஞ்சு நாளா."

"நேத்து வெத்திலை போட்டப்பவுமா?"

"நேத்தும்தான் உம்மா."

அறைவாள் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். அதை உரித்து முடித்துவிட்டு, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தேன் என்றாள். 

அடுத்த நாள் இருவரும் ட்ரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் கிளினிக் போனோம். அழுத்தம் நூற்று நாற்பதுக்கு இறங்கியிருந்தது. அதைக் கேட்டும் எனக்குக் கோபம்தான் வந்தது, இத்தனை அக்கிரமத்துக்கும் நடுவில் மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஊறுகாயையும் கருவாட்டையும் விடச் சொன்னார், மாதம் ஒரு முறை வந்து காட்டச் சொன்னார். மனம் மறுபடி மந்தமானால் உடனே வந்து சொல்லுங்கள், வேறு மருந்து பார்க்கலாம் என்றார். எல்லாவற்றையும் தியாகு சொல்லி முடித்ததும் உம்மா ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் கோபப்படலாமா கூடாதான்னு கேளுங்க."

டாக்டர் சிரித்தார். கோபம் வந்தால் கொஞ்ச நேரம் அழுத்தம் ஏறத்தான் செய்யும், ஆனால் இந்த வியாதி வந்தது கோபத்தால் இல்லை, தாய்வழியில் வந்திருக்கும், எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத ஆட்களுக்கும் இது வருகிறது என்றார். உம்மா அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். டாக்டர் எழுதித் தரவில்லை. ஆனாலும் வெளியே வரும்போது உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள்.

வாப்பாவிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தினமும், போட்டாயா என்று கண்ணாலேயே கேட்பார், நான் தலையாட்டுவேன். உம்மா அரை மாத்திரையைத் தானே எடுத்துச் சாப்பிட்டாள். மூக்கடைப்பு விட்டது. நடையில் வேகம் வந்தது. நடுவில் மெர்டேக்கா வந்தது, கடைத்தெருவெல்லாம் கொடி, கப்பலை யாரும் நிறுத்தவில்லை. செப்டம்பர் இரண்டாவது வாரம் ஒரு காலையில் உம்மா வாசலில் நின்று சிவகாமி அக்காவைச் சாக்கடைத் தண்ணீருக்காக மலாயில் ஒரு பிடி பிடித்தாள். சிவகாமி அக்கா திருப்பிக் கத்தாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வாப்பா சாப்பிட வந்தார். மாமிக்கு அடுத்த வாரம் கப்பல். என்னையும் கூட்டிப்போவதாகப் பேச்சு. உம்மா சோறு பரிமாறி முடித்துவிட்டு, அரிவாள்மனையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் மாத்திரைப் போத்தலையும் கொண்டுவந்து பாயில் வைத்தாள். மாமியின் வெற்றிலைத் தட்டையும் வைத்தாள். வாப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. உம்மா ஒரு மாத்திரையை எடுத்து அரிவாள்மனையில் வைத்துப் பாதியாக நறுக்கினாள். ஒரு பாதியைப் போத்தலில் போட்டாள். மற்றதை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தாள்.

"இது என் மருந்து. என் கையால நான் சாப்பிடுவேன். எனக்கு ரொம்ப நாள் இருக்கணும்" என்றாள். தட்டை மாமி பக்கம் தள்ளினாள். "லாத்தா, இதை எடுத்துட்டுப் போங்க. என் மகள நான் தரல."

மாமி கொதித்துப்போனார். வெற்றிலை போட்ட வாயால் மறுக்கலாமா, எந்த ஊரில் இப்படி நடக்கும் என்று கேட்டார்.

"வெத்திலை போட்டது நானில்ல. ஒங்க தம்பி குடுத்த மாத்திரை போட்டுச்சு. அவருகிட்டயே கேளுங்க."

மாமி வாப்பாவைப் பார்த்தார். வாப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. உன் நல்லதுக்குத்தான் செய்தேன், உயிரைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று வாப்பா ஆரம்பித்தார். மெதுவாகப் பேசு, பிரஷர் ஏறும் என்றார்.

"ஏறட்டும். அதுக்குத்தான் மாத்திரை சாப்பிட்டுட்டு ஒக்காந்திருக்கேன். இப்ப நான் பேசுறேன், நீங்க கேளுங்க."

அன்றைக்கு உம்மா பேசினாள். எழுதாமல் போன பரீட்சையிலிருந்து ஆரம்பித்தாள். செத்துப்போன பிள்ளைகள் இரண்டும் காய்ச்சலில் கிடந்தபோது கடையைச் சாத்திவிட்டு வரமாட்டேன் என்று வாப்பா சொன்னதைச் சொன்னாள். கத்தியபோதெல்லாம் கோபக்காரி என்று நாலு பேர் முன்னால் சிரித்ததைச் சொன்னாள். பெற்ற மகளைக் கொண்டே தாய்க்கு மருந்து வைத்ததைச் சொன்னாள். நாற்பத்தைந்து நாள் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினாள். மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. சோறு காய்ந்துபோனது. வாப்பா கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். 

மாமி தட்டோடு கப்பலேறினார். நான் பரீட்சை எழுதினேன், தேறினேன், புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். உம்மா மாதாமாதம் கிளினிக் போனாள். மருந்து இரண்டு மூன்று முறை மாறியது. மாறும்போதெல்லாம் இது என்ன, எதற்கு, என்னை மந்தமாக்குமா என்று டாக்டரைக் குடைந்தெடுத்துவிட்டுத்தான் வாங்குவாள். கைகால் விழவில்லை, வாய் கோணவில்லை. எழுபத்தொரு வயது வரை தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள்.

என்னை அவள் ஒரு நாளும் திட்டவில்லை. மற்ற எதற்கும் திட்டுவாள், அந்த ஒன்றுக்குத் திட்டவில்லை. அடுத்த வருஷம் நோன்புப் பெருநாள் காலையில் வாப்பாவும் அவளும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்து நான் இரண்டு பேருக்கும் கோப்பி கலக்கிக் கொண்டுபோய் வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு உம்மா தன் கோப்பியைத் தானேதான் கலக்கிக் குடித்து வந்தாள். அன்று கோப்பையைப் பார்த்தாள். என் கன்னத்தைத் தொட்டாள், பெருநாளும் அதுவுமா நல்லா இரு புள்ளே என்றாள். பிறகு தன் கோப்பையை வாப்பாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நீங்க ரெண்டையும் குடிங்க. ஒங்க மகள் போட்டதுதானே" என்றாள்.

வாப்பா இரண்டு கோப்பையையும் பார்த்தார். என் கையைப் பார்த்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.